வளாக வானொலியில் அங்கத்தினர் யார்?



வானொலியைக் குறித்துப் பேச வருபவரிடம் சபையோர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இசை, நாடகம், குரல்வளம் ஆகிய இனிய விஷயங்களாகவே இருக்கும். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ, நிலையத்தின் விதிப் புத்தகத்தில் சிறு எழுத்தில் அச்சாகி, சேரும் காலத்தில் ஒருவராலும் படிக்கப்படாமலும், சச்சரவு மூண்ட பிறகு எல்லோராலும் தேடிப் படிக்கப்பட்டும் வருகிற ஒரே ஒரு பிரிவு. சம்பளமின்றி உழைக்கும் தொண்டர்களால் நடத்தப்படும் ஒரு வளாக வானொலியில் அங்கத்தினர் என்பவர் யார், அவர் எவ்வாறு சேர்க்கப்படுகிறார், எவ்வாறு விலக்கப்படுகிறார், அவருடைய வாக்குக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை வகுத்துரைக்கும் பிரிவு அது. அத்தகைய நிலையம் நிலைப்பதும் குலைவதும் அதன் ஒலிபரப்பிக் கருவியைக் காட்டிலும் இந்தப் பிரிவைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த நாட்டில், அதிலும் நமது சென்னையில், வானொலி என்பது அரசாங்கக் காரியமாகத் தொடங்கவில்லை என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். 1924ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் கூடிச் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி முதல் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அங்கத்தினர்கள் சேர்ந்து, தங்கள் பொருளையும் பிரயாசையையும் கொடுத்து, கேட்பவரும் ஒலிபரப்புபவரும் ஒரே கூட்டத்தாராக இருந்து நடத்திய முயற்சி அது. 1927இல் பணமுடையால் அது நின்றுபோயிற்று. கருவி நகரசபையாரிடம் சேர்ந்தது. 1930 ஏப்ரல் முதல் தேதி தொட்டு நகரசபையே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் மாதத்தில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. இவ்வாறு அங்கத்தினரின் சங்கமாகப் பிறந்த வானொலி, பதினான்கு ஆண்டுகளுக்குள் சர்க்காரின் இலாகாவாக மாறியதன் பயனாக, வானொலி நிலையத்துக்கும் அங்கத்தினர் உண்டு என்ற எண்ணமே நம்மவரிடையே மறைந்துபோயிற்று. நாம் நேயர்களானோம், கடிதம் எழுதினோம், பாட்டுக் கேட்டோம், வாக்களிக்கும் உரிமை நமக்கு இருந்திருக்கலாம் என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த எண்ணம் அமெரிக்காவில் மீண்டும் தலையெடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராமையால் மறுத்து நின்றவரான லூயிஸ் ஹில் என்பவர், 1946இல் பசிபிகா என்ற அறநிறுவனத்தைத் தோற்றுவித்து, 1949 ஏப்ரல் 15ஆம் தேதி கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில் கே.பி.எஃப்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரக்காரரின் தயவும் வேண்டாம், அரசாங்கத்தின் தயவும் வேண்டாம், கேட்கிறவர்களில் நூற்றுக்கு இருவர் மனமுவந்து ஆண்டுச் சந்தா கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. 1950இல் பணமின்றி நிலையத்தை மூட நேர்ந்து, மறு ஆண்டு மீண்டும் திறக்க முடிந்ததிலிருந்தே அந்தக் கணக்கு எவ்வளவு கடினமானது, ஆயினும் எவ்வளவு மெய்யானது என்பது விளங்கும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தச் சந்தாதாரர் பணம் கொடுத்தார்; நிலையத்தைத் தம்முடையதாகவே கருதினார்; ஆயினும் நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவரிடம் இல்லை. நல்லெண்ணம் நிலவிய நாளெல்லாம் இக்குறை எவர் கண்ணிலும் படவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், ஐந்து நகரங்களில் நிலையங்களை உடைய பெரிய ஸ்தாபனமாக வளர்ந்துவிட்ட பசிபிகாவின் தேசிய நிர்வாக சபையார், அந்தந்த நிலையத்து ஆலோசனைக் குழுக்களுக்கு இருந்த பங்கையும் நீக்கி, தங்களுக்குப் பின் வருவோரைத் தாங்களே நியமித்துக்கொள்ளும்படி விதிகளைத் திருத்தினார்கள். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பெர்க்லி நிலையத்தின் ஊழியர்களும் தொண்டர்களும் வெளியேற்றப்பட்டுக் கதவு பூட்டப்பட்டது. ஏறக்குறைய பதினாயிரம் பேர் வீதியில் ஊர்வலம் போனார்கள். வழக்குகள் நடந்தன, சமரசம் ஏற்பட்டது, 2003இல் புதிய விதிகள் பிறந்தன.

அந்த விதிகளை நான் மிகுந்த சிரத்தையுடன் படித்திருக்கிறேன். அவற்றில் ஓர் இடம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கேட்போர் அங்கத்தினராவதற்கு இரண்டு வழிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன: முந்திய பன்னிரண்டு மாதங்களில் 25 டாலர் கொடுத்திருக்க வேண்டும், அல்லது மூன்று மணி நேரம் தொண்டு செய்திருக்க வேண்டும். பணமுள்ளவன் பணத்தையும், பணமில்லாதவன் தன் மாலைப்பொழுதையும் கொடுத்து ஒரே வாசல் வழியாக உள்ளே வந்து ஒரே விதமான வாக்கைப் பெறுகிறான். உறைகளில் முகவரி எழுதியும், இசைத்தட்டுகளை அகராதி வரிசையில் அடுக்கியும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, அந்நகரத்துச் செல்வந்தரோடு சரிநிகராக நிலையத்தின் பொதுச்சபையில் அமர்கிறாள் என்பது, ஜனநாயகம் என்ற பெரிய சொல்லை நாம் எத்தனையோ மேடைகளில் முழங்கியும் காட்ட இயலாத ஒன்றைக் காரியத்தில் காட்டுகிறது.

ஊதியம் பெறாத ஊழியர் என்ற வகுப்புக்கு அவ்விதிகள் கேட்பது இன்னும் அதிகம். தொண்டர்களுக்கெனத் தனிச் சங்கம் இல்லாத இடத்தில், முந்திய மூன்று மாதங்களில் முப்பது மணி நேரம் நிலையத்தில் உழைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நிதி திரட்டும் நாட்களில் தொலைபேசிக்கு முன் உட்கார்ந்து நன்கொடை குறித்துக்கொள்ளும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. இது கடுமையாகத் தோன்றினாலும் காரணமுடையதே. ஆண்டில் சில நாட்கள் மட்டும் திரளும் கூட்டம், அன்றாடம் நிலையத்தைச் சுமப்பவர்களின் வாக்கை அமுக்கிவிடலாகாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

இவ்வளவு பாராட்டிய நான், அதே விதிகளில் நமக்கு ஒவ்வாததையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நிலையத்தின் சபையிலும் 24 இடங்கள். அவற்றுள் 18 கேட்போர் தேர்ந்தெடுப்பவை, 6 மட்டுமே ஊழியர் தேர்ந்தெடுப்பவை. பெருநகரத்தில் பல்லாயிரம் சந்தாதாரரின் பொருளால் வாழும் நிலையத்துக்கு இந்தப் பங்கீடு நியாயமாக இருக்கலாம். அங்கேயும் தேர்தல்கள் பெருஞ்செலவாகிக் கட்சிப் பூசலுக்கு இடங்கொடுத்தன என்பது அந்த ஸ்தாபனத்தை அறிந்தோர் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஐம்பது அறுபது தொண்டர்களைக் கொண்டு ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இயங்கும் நிலையம் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுமானால், ஒருநாளும் அந்த மாடிப்படி ஏறியிராதவர்கள் கூடி, நாள்தோறும் ஏறுகிறவர்களை ஆளும்படி ஆகிவிடும். சிறு நிலையத்தில் உழைப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கட்சி.

இனி வளாக வானொலிக்குரிய தனிச் சிக்கலுக்கு வருகிறேன். அதை நன்றாகக் காண வேண்டுமானால் கனடாவைப் பார்க்க வேண்டும். கிங்ஸ்டன் நகரத்து குவீன்ஸ் பல்கலைக்கழகம் 1922லேயே ஒலிபரப்பத் தொடங்கிய தேசம் அது. அங்கே ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட கொள்கையின்படி, சமூக வானொலி என்பது இலாபநோக்கற்ற ஒரு சங்கத்துக்குச் சொந்தமாக இருப்பதோடு, அச்சங்கத்தின் அமைப்பே, அங்கத்துவமும் நிர்வாகமும் நடைமுறையும் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் அந்தச் சமூகத்தாராலேயே நிறைவேறும்படி இருக்க வேண்டும். வளாக நிலையமானால், அதன் நிர்வாக சபையில் மாணவர், கல்வி நிறுவனத்தின் பிரதிநிதிகள், நிலையத்துத் தொண்டர், ஊர்ப் பொதுமக்கள் ஆகிய நால்வகையினருக்கும் சமநிலையான இடம் இருக்க வேண்டும்.

நால்வகையினர் என்று எழுதிவிடுவது எளிது. மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுப் பல வளாக நிலையங்கள், மாணவர் ஒவ்வொருவரும் கல்விக் கட்டணத்தோடு செலுத்தும் ஒரு சிறு தொகையால் வாழ்கின்றன. பணம் கொடுத்த மாணவரெல்லாம் அங்கத்தினர் என்று விதி சொல்லுமானால், பல்லாயிரம் பேர் தாங்கள் அங்கத்தினர் என்பதையே அறியாத அங்கத்தினர் ஆகிறார்கள். பொதுச்சபை செல்லுபடியாவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், எட்டாக் கனியாகிறது. ஏதேனும் ஒரு கோபம் மூண்ட நாளில் மட்டும், இதுவரை நிலையத்தைக் கேட்டே இராத கூட்டம் திடீரென்று வாக்குரிமையோடு வந்து நிற்கிறது. அவர்களை அங்கத்தினராகவே கொள்ளாவிட்டாலோ, கொடுக்கிறவனுக்குக் குரல் இல்லை என்ற முறையீடு எழுந்து, கட்டணமே ஆட்டம் காண்கிறது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2008இல் மாணவர்கள் வாக்கெடுப்பின் மூலம் தங்கள் நிலையத்துக்கான கட்டணத்தை நிறுத்திவிட்டார்கள். நிலையம் தொண்டர்களையும் ஊராரையும் நம்பி வாழக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2019இல் ஒன்டாரியோ மாகாண அரசாங்கம் இத்தகைய கட்டணங்களை விரும்பினால் செலுத்தலாம் என்று ஆக்கியபோது வளாக நிலையங்கள் பலவும் கலங்கின. அந்த உத்தரவை நீதிமன்றம் அவ்வாண்டிலேயே செல்லாதென்றது. 2021இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

இதற்கு நான் காணும் வழி இதுதான்: கட்டணம் செலுத்திய மாணவர் அங்கத்தினராகும் தகுதியை உடையவர்; நிலையத்துக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்திட்ட நாளிலிருந்து அங்கத்தினர் ஆகிறார். தகுதி தானாக வரலாம். அங்கத்துவம் தானாக வரலாகாது. ஒரு கையெழுத்து அற்பமான காரியம் என்று நினைக்கலாம். அந்த அற்பமான காரியத்தைச் செய்வதற்காக ஒருவர் நிலையத்தின் வாசலை மிதிக்கிறார் என்பதே அதன் பெருமை.

எல்லாவற்றிலும் துயரமான சரித்திரம் டொரான்டோ நகரத்து சி.கே.எல்.என். நிலையத்தினுடையது. அக்காலத்தில் ரயர்சன் என்று பெயர் கொண்டிருந்ததும், இன்று டொரான்டோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகம் என்று வழங்குவதுமான கல்வி நிறுவனத்தின் வளாகத்தில், 1983 முதல் 88.1 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஒலித்து வந்தது. பெரு வணிக நிலையங்கள் இடங்கொடாத இசைக்கும், இடங்கொடாத மக்களுக்கும் கால் நூற்றாண்டுக் காலம் அது இடங்கொடுத்தது. 2008இல் அங்கத்தினர் கூட்டம் ஒன்று கூடி நிர்வாக சபையை நீக்க வாக்களித்தது. அந்தக் கூட்டம் செல்லுமா, செல்லாதா என்பதிலேயே பிளவு ஏற்பட்டது. நாங்களே சபை என்று இரு தரப்பாரும் உரிமை கொண்டாடினர். தொண்டர்கள் பலர் விலக்கப்பட்டனர். மாணவர் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. 2009 மார்ச்சில் கட்டடத்தை நிர்வகித்தவர்கள் நிலையத்தின் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய அறைக்குள்ளிருந்து, மனிதர் எவரும் இல்லாமல், பதிவு செய்த ஒலியே திரும்பத் திரும்ப மாதக் கணக்கில் அந்நகரத்தின் வானில் பரவிக்கொண்டிருந்தது.

பின்னர் சமரசம் உண்டாகிக் கதவு திறந்தது உண்மை. ஆனால் அதற்குள் முறையீடுகள் ஆணையத்தை எட்டிவிட்டன. 2010 டிசம்பரில் விசாரணை நடந்தது. ஒலிப்பதிவுகளைச் சட்டப்படி காத்து வைக்கவில்லை, ஆண்டறிக்கைகளை உரியபடி சமர்ப்பிக்கவில்லை, உரிமம் பெற்றவர் நிலையத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்பன போன்ற குறைகளைக் கண்டு, 2011 ஜனவரி 28ஆம் தேதி ஆணையம் அந்த உரிமத்தை ரத்துச் செய்தது. உரிமத்தைப் பறிப்பதற்கு முன் கையாளத்தக்க வேறு படிகள் இருந்தன என்று ஆணையத்தினர் ஒருவர் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் எண்ணுகிறேன். மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் மாத நடுவில் நிலையம் அடங்கிற்று. மறு ஆண்டு அதே 88.1 அலைவரிசை, பலர் போட்டியிட, ஒரு வணிகக் கம்பெனிக்கு வழங்கப்பட்டது. அப்போட்டியில் தோற்ற அந்த வளாகத்தார், மேலும் சில ஆண்டுகள் கழித்து மத்திய அலையில் 1280 கிலோஹெர்ட்ஸில் ஓர் இடத்தைப் பெற்றார்கள்.

இந்த வழக்கில் எந்தத் தரப்பார் நல்லவர், எவர் தீயவர் என்று தீர்ப்புக் கூற நான் துணியமாட்டேன். இரு தரப்பாரும் நிலையத்தை நேசித்தவர்களே. நான் கேட்பது ஒரே கேள்வி: ஒரு கூட்டத்தைக் கூட்டவும் அதில் வாக்களிக்கவும் உரியவர் இன்னின்னார் என்பதை, சச்சரவு பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்து, எவரும் வந்து பார்க்கக் கூடியதாகவும், எந்த ஒரு தரப்பாரும் தனியே திருத்த முடியாததாகவும் காத்த ஒரு பதிவேடு இருந்து, அதனை இரு தரப்பாரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டும் இருந்திருந்தால், அந்தக் கூட்டம் செல்லுமா என்ற கேள்வி எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கும்? பகை இருந்திருக்கும், வசைமொழி இருந்திருக்கும், ஆனால் இரண்டு சபைகள் இருந்திருக்கமாட்டா.

ஆகவே விதி எழுதப் புகுவோர்க்கு என் மனத்தில் தோன்றியவற்றைச் சொல்கிறேன். சேர்ந்த மறுநாளே வாக்களிக்கும் உரிமை கூடாது; இரண்டு மூன்று மாதமேனும் உழைத்த பிறகே அது வர வேண்டும், இல்லையேல் தேர்தலுக்கு முந்திய வாரத்தில் ஒருவர் தம் சுற்றத்தார் அனைவரையும் அங்கத்தினராக்கிவிடுவார். உழைப்பு என்பது ஒலிவாங்கியின் முன் பேசுவது மட்டுமன்று. நிகழ்ச்சிக் குறிப்பேட்டை எழுதுபவரும், ஒலிப்பதிவுகளைத் தேதியிட்டுக் காப்பவரும், புதிதாய் வந்தவருக்குக் கருவியைக் கற்பிப்பவரும், கூட்டத்துக்கு நாற்காலி போடுபவரும் அதே கணக்கில் வர வேண்டும். நிகழ்ச்சி நடத்துவோர் ஒவ்வொருவரும் மாதத்தில் சில மணி நேரம் இத்தகைய மறைவான வேலையைச் செய்தாக வேண்டும் என்று விதித்திருக்கும் நிலையங்கள் வட அமெரிக்காவில் பல. அது மிகவும் விவேகமான வழக்கம். சி.கே.எல்.என். உரிமத்தை இழந்த காரணங்களுள் ஒலிப்பதிவைக் காவாமையும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

அங்கத்துவம் வேறு, ஒலிபரப்பு நேரம் வேறு என்பதை விதி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். பத்தாண்டு காலம் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பேசிவந்த ஒருவர் அந்த ஏழு மணியைத் தம் பிதுரார்ஜிதச் சொத்தாகக் கருதத் தொடங்குவது மனித சுபாவம். அதிலே கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் அந்த நேரத்தை மாற்றும்போது அவர் தம் அங்கத்துவமே பறிபோனதாக எண்ணிக் கலகம் செய்வார். நேரம் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய அனுமதி, வாக்கு உழைக்கும் வரை நிலைக்கும் உரிமை என்று இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால், நேரத்தை இழந்தவரும் அங்கத்தினராகத் தொடர்ந்து சபையில் எழுந்து வாதாடலாம்.

விலக்கும் விதியிலேதான் ஒரு ஸ்தாபனத்தின் மனச்சாட்சி தெரியும். சம்பளம் வாங்குகிற ஊழியருக்குத் தொழிற்சட்டம் துணை நிற்கிறது. தொண்டருக்கோ விதிப் புத்தகத்தைத் தவிர வேறு துணை இல்லை. குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் பேசக் கேட்க வேண்டும். குற்றஞ்சாட்டியவரே தீர்ப்புச் சொல்லலாகாது. பொதுச்சபை வரையில் மேல்முறையீடு இருக்க வேண்டும். பெண்களிடமோ இளையோரிடமோ முறைகேடாக நடந்ததாகப் புகார் வருமிடத்து, விசாரணை முடியும் வரை அவரை உடனே ஒதுக்கி வைக்கும் அதிகாரமும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒதுக்கத்துக்கு நாள் வரையறை இருக்க வேண்டும். முடிவின்றி நீளும் தற்காலிக நீக்கம் விசாரணையில்லாத தண்டனையே ஆகும்.

இவையெல்லாம் கடல்கடந்த தேசங்களின் கதை என்று கருதிவிடாதீர்கள். வான அலைகள் பொதுமக்களின் சொத்து என்று நமது உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 2004 பிப்ரவரி முதல் தேதி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் இந்நாட்டின் முதல் வளாக சமூக வானொலி ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் சமூகத்தாரின் பங்கேற்போடு உருவாக வேண்டும், ஆலோசனைக் குழுவில் ஊராருக்கு இடம் வேண்டும் என்றெல்லாம் நெறிமுறைகள் சொல்கின்றன. 2024 பிப்ரவரியில், அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் வெளியிடப்பட்ட திருத்திய நெறிமுறைகள், அக்குழுவினரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விதித்தன. இவையனைத்தும் வரவேற்கத் தக்கவை.

எனினும் குழுவில் இடம்பெறுபவரை நியமிப்பவர் யார்? வளாக நிலையமானால் அனுமதி பெறுவது கல்வி நிறுவனம், கருவி அதனுடையது, பொறுப்பும் அதனுடையது. விடியற்காலையில் மீனவர் குப்பத்திலிருந்து வந்து பேசும் பெண்ணும், தேர்வுக் காலத்திலும் ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு நகராத மாணவனும் அங்கே அங்கத்தினர் அல்லர், விருந்தினர். பங்கேற்பவரின் நேரத்தை நெறிமுறை அளக்கிறது. பங்கேற்பவரின் வாக்கைப் பற்றி அது பேசவில்லை. திருவல்லிக்கேணியில் 1904லேயே ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் நாம்; 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஊருக்கு ஊர் மன்றங்கள் அங்கத்தினர் பதிவேடு வைத்து நடத்துகின்றன. வானொலித் தொண்டர்களுக்கு மட்டும் அது ஏன் கூடாது? அனுமதிப் பத்திரம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்கட்டும். சட்டப் பொறுப்பையும் அதுவே ஏற்கட்டும். நிலையத்துத் தொண்டர்கள் ஓர் அங்கத்தினர் சபையாகக் கூடி, ஆலோசனைக் குழுவின் ஒரு பகுதியையேனும் வாக்கினால் தேர்ந்தெடுத்து அனுப்புவதை எந்த நெறிமுறையும் தடுக்கவில்லை.

பல்கலைக்கழகப் பதிவாளர்களையும் நிலைய இயக்குநர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுவே: வருகிற கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் உறுதியாகக் கட்டிய ஒரு பதிவேட்டைத் திறந்து வையுங்கள், அதன் முதற்பக்கத்தில் சேர்க்கை, உழைப்பு, வாக்கு, விலக்கல் ஆகிய விதிகளை எளிய தமிழில் எழுதுங்கள், ஆண்டுக்கொரு முறை அப்பதிவேட்டில் உள்ளோரைக் கூட்டி, வரவு செலவைப் படித்துக்காட்டி, வாக்கெடுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களே, உங்கள் நிலையத்தில் அத்தகைய ஏடு இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். இருந்தால் அதைப் படித்துப் பார்த்து, உங்கள் பெயரை எழுதுங்கள்.